கிழிக்காத தாள்

நாள்காட்டித் தாளைக் கிழிப்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. எழுந்ததும் கிழிக்க மாட்டார். முகம் கழுவி, காப்பி குடித்து முடித்து, கூடத்துச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். தாளில் நேற்றைய தேதி இருக்கும். வாசலில் பத்திரிகை வந்து விழும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்திருப்பார். ஊரே பற்றி எரிகிறது என்று தலைப்பு இருந்தாலும் அவர் கண் முதலில் போவது மேல் ஓரத்தில் பொடியெழுத்தில் இருக்கும் தேதிக்கும் கிழமைக்கும்தான். அதைப் படித்த பிறகும் கிழிக்க மாட்டார். சமையலறைப் பக்கம் திரும்பி, "இன்னைக்கு வியாழன்தானே?" என்பார்.

"நேத்து புதன்னு சொன்னீங்க. அதை நம்பினா இன்னைக்கு வியாழன்தான்" என்பார் மனைவி.

முப்பத்தேழு வருடத்தில் கிழமைதான் மாறிக்கொண்டிருந்தது, பதில் மாறவில்லை.

அதற்கப்புறம் இடது உள்ளங்கையை நாள்காட்டியின் நெற்றியில் அழுத்தி வைத்து, வலது கையால் தாளின் கீழ் மூலையைப் பிடித்து, ஒரே இழுப்பு. மேலே தகரப் பட்டையில் ஒரு துணுக்குக்கூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இருந்தால் நகத்தால் சுரண்டி எடுப்பார். கிழித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவார். மாலையில் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றியதும் முதல் காரியமாக அதைக் குப்பைக்கூடையில் போடுவார். மகள் ஐந்து வயதில் ஒருநாள் இரண்டு தாளைச் சேர்த்துக் கிழித்துக் காகிதக் கப்பல் செய்துவிட்டாள். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கப்பலைப் பிரித்து, தொடையில் வைத்து நீவி, குண்டூசியால் சுவரிலேயே திரும்ப மாட்டினார். அன்று முழுக்க வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

வேலை ஒரு மருந்து மொத்த வியாபாரக் கிடங்கில். பெட்டிகள் வந்து இறங்கும். காலாவதித் தேதியைப் பார்த்து, முதலில் கெட்டுப்போகக் கூடியதை முன்வரிசையிலும் மற்றதைப் பின்வரிசையிலும் அடுக்கச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளை முதலாளி தவம் கிடந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஒருமுறை இருமல் மருந்துப் பெட்டி ஒன்றில் பிப்ரவரி முப்பது என்று அச்சாகி வந்தது. அவர் மொத்தச் சரக்கையும் ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டார். மூட்டை கட்டுகிறவர், "விடுங்க சார். அந்தத் தேதி வரவே வராது. மருந்து கெடவே கெடாது" என்றார். கிடங்கு முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்காமல் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். அன்றிலிருந்து அவருக்குத் தேதி சார் என்று பெயர். வீட்டுக்குத் தெரிந்து, தெருவுக்குத் தெரிந்து, கடைசியில் மருமகன்கூட மறைவில் அப்படித்தான் சொன்னான்.

இவ்வளவு கவனத்துக்கும் பின்னால் ஒரு தீவு இருந்தது. அதைப் பற்றி அவர் மனைவியிடம் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார், அதுவும் கல்யாணத்துக்கு முன்னால்.

ஐந்து அண்ணன் தம்பிகளில் அவர் நடு ஆள். மூத்தவர்களுக்குப் புதுச் சட்டை வரும், இளையவர்களுக்குச் செல்லம் கிடைக்கும், நடுவில் இருந்தவருக்குப் படுக்க இடம் இருந்தது. வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்டு முடிவெடுத்ததில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை, அவராக எடுத்துக் குடித்துக்கொள்வார். இருபத்தோரு வயதில், தூரத்துத் தீவுகளில் ஊழியம் செய்ய ஆள் தேவை என்று மிஷன் கூட்டத்தில் அறிவித்தபோது பன்னிரண்டு பேர் கை தூக்கினார்கள். கப்பல் வருடத்துக்கு இரண்டே முறைதான் போகும் என்று சொன்னதும் பதினோரு கை இறங்கியது.

ஆறு மாதம் பயிற்சி. பிரசங்கம் செய்ய, காயத்துக்குக் கட்டுப் போட, குடிதண்ணீரைக் காய்ச்சி வடிகட்ட, கூரை வேயக் கற்றுக்கொடுத்தார்கள். கிளம்பும் நாளில் மிஷனின் மூத்த போதகர் கூப்பிட்டு, நீளமான ஒரு பதிவேட்டையும் இரண்டு வருடத்துக்கும் சேர்த்துத் தைத்த தடிமனான ஒரு தினசரி நாள்காட்டியையும் கொடுத்தார். அறுபது வயது, ஒல்லி, வெயிலோ மழையோ கையில் குடை. ஒரு சொல் போதுமென்றால் இரண்டாவது சொல்லைச் செலவழிக்காத மனிதர். விதி இதுதான். இரண்டு வருடம். ஒரு ஞாயிறு விடாமல் மணி அடித்து, ஆராதனை நடத்தி, வந்தவர்கள் எத்தனை பேர், வாசித்த வேதபாகம் எது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு வருடம் நிறைந்தால் குருப்பட்டம், அந்தத் தீவே அவருக்கு நிலையான சபை. இடையில் தவறினால் வேறு ஆள்.

"அங்கே உன்னைப் பார்க்க யாரும் இல்லை. அதனாலதான் இந்த விதி" என்றார் மூத்த போதகர்.

தீவில் நாற்பது வீடுகள் இருந்தன. முன்பு வந்துபோன யாரோ ஒரு போதகர் பாதிப் பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டு, ஒரு ஓலைக் கோவிலையும் கட்டிவிட்டுப் போயிருந்தார். மணி என்பது மரக்கிளையில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்ட காலி ஆக்சிஜன் சிலிண்டர். இரும்புத் தடியால் அடித்தால் தீவின் மறுகரை வரைக்கும் கேட்கும். அவருக்குக் கொடுத்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு பூட்டு. போன அன்றே சுவரில் ஆணி அடித்து நாள்காட்டியை மாட்டினார். கையோடு கொண்டுபோயிருந்த சின்ன ரேடியோ மூன்றாவது மாதமே உயிரை விட்டது.

தீவுக்காரர்கள் அவரைச் சின்னய்யா என்றார்கள். அவர்களுக்கு அவரிடம் பிடித்தது பிரசங்கம் இல்லை. அவர் பிரசங்கம் நடுத்தரம்தான். முக்கியமான இடம் வரும்போது குரல் தாழ்ந்துவிடும். பிடித்தது நாள்காட்டி. அதற்கு முன்பு அந்தத் தீவில் அப்படி ஒன்று தொங்கியதில்லை. கொப்பரை காயப்போடுகிறவர் ஒருத்தர் இருந்தார், எதையும் நேராகச் சொல்லத் தெரியாதவர்.

"சின்னய்யா வர்றதுக்கு முன்னாடி எங்களுக்கு ரெண்டே கிழமைதான்" என்பார் அவர். "கப்பல் வர்ற கிழமை, கப்பல் வராத கிழமை."

இப்போது எல்லோருக்கும் ஏழு கிழமை கிடைத்திருந்தது. புதன்கிழமை வலை பின்னுவது, வெள்ளிக்கிழமை கிணற்றடியைக் கழுவுவது, சனிக்கிழமை மிச்ச வேலை எல்லாம், ஞாயிறு ஓய்வு என்று அவர்களே பிரித்துக்கொண்டார்கள். காலையில் அறை வாசலைக் கடக்கிறவர்கள் தலையை நீட்டி, "சின்னய்யா, இன்னைக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவர் எழுந்து போய், சுவரைப் பார்த்து, "செவ்வாய்" என்பார். பார்க்காமலே சொல்லத் தெரியும். ஆனாலும் பார்த்துத்தான் சொல்வார். தன் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்காக ஒருவர் நின்று காத்திருப்பது அவருக்குப் புதிது. நாள்காட்டியை வேறு யாரும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு வருடம் ஆவதற்குள், இந்த இடத்தை விட்டு இனி எங்கும் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டார். போய் எங்கே நிற்பது? வீட்டில் அவர் படுக்கிற இடத்தில் இந்நேரம் தம்பி படுத்திருப்பான்.

ஒரே ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் ஆடி அசைந்து வருவார்கள். மணி அடித்து அரைமணி நேரம் ஆனாலும் பெஞ்சு பாதி காலியாக இருக்கும். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஒரு போடு போட்டார். "இங்க ஒரே ஒரு ஞாயிறு தப்பினாலும் போதும், என்னை இங்கேர்ந்து தூக்கிடுவாங்க. அப்புறம் நீங்க என்னைப் பார்க்க முடியாது." விதிக்கு விலக்கு உண்டா இல்லையா என்பதையெல்லாம் அவர் சொல்லவில்லை. சொன்னால் பேச்சில் காரம் குறைந்துவிடும். பேச்சு வேலை செய்தது. அடுத்த ஞாயிறு மணி ஓய்வதற்குள் பெஞ்சு நிறைந்தது. மருத்துவச்சி முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயதுக்காரர், தீவின் பாதிப் பிள்ளைகளைக் கையில் வாங்கியவர், யாருக்கும் பயப்படாதவர். ஆனால் அன்று ஆராதனை முடிந்து போகும்போது, "நிஜமாவே தூக்கிடுவாங்களா, சின்னய்யா?" என்று தனியாக வந்து கேட்டார். சின்னய்யாவும் மனசாட்சி உறுத்தாமல் ஆமாம் என்றார்.

பத்தொன்பதாவது மாதத்தில், மூன்றாவது கப்பல் வந்துபோன கொஞ்ச நாளில், அவருக்குக் காய்ச்சல் வந்தது. புதன்கிழமை மதியம் உட்கார்ந்தவாக்கில் சாய்ந்தவர்தான். மருத்துவச்சி தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து அந்த அறையிலேயே தங்கிவிட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் சின்னய்யாவுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நெற்றியில் ஈரத்துணி. உதட்டில் கஞ்சித்தண்ணீர். யாரோ கால் பக்கம் நின்று அழுவது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய், நாள்காட்டியில் தாள் கிழிப்பதாக ஒரு ஞாபகம். கிழிக்கக் கிழிக்க அடியில் அதே தேதி வந்துகொண்டிருந்தது.

கண் தெளிந்தபோது ஜன்னலில் வெயில் ஏறியிருந்தது. சுவரில் சிவப்பு எழுத்தில் ஞாயிறு என்று இருந்தது. மருத்துவச்சி பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னைக்கு ஞாயிறா?"

மருத்துவச்சி ஒரு தடவை சுவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, சின்னய்யா" என்றார் பிறகு.

"மணி அடிச்சாச்சா?"

"இல்லை. நீங்கதானே அடிக்கணும்."

படுத்துக்கொள்ளுங்கள் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேர் தோளில் கை போட்டுப் போய்ச் சிலிண்டரை அடித்தார். வழக்கமான சத்தத்தில் பாதிகூட வரவில்லை. ஆட்கள் வந்தார்கள், ஆனால் வேலை உடுப்போடு வந்தார்கள். கொப்பரைக்காரரின் தலையெல்லாம் தூசு. ஒருத்தர் கையில் வலை ஊசி இருந்தது. வாசலில் மருத்துவச்சி நின்று ஒவ்வொருவரிடமும் ஏதோ சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். தான் பிழைப்போம் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள், அதனால்தான் ஆயத்தமில்லாமல் வருகிறார்கள் என்று சின்னய்யா நினைத்துக்கொண்டார். வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்தார், இரண்டு நிமிடம் ஜெபித்தார், உட்கார்ந்துவிட்டார். பதிவேட்டில் எண்பத்தைந்தாவது வரி. கையெழுத்து கோணலாக விழுந்தது. காய்ச்சலிலும் ஒரு ஞாயிறைத் தவறவிடவில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அதன்பின் தீவுக்காரர்கள் அவரை முன்னைவிட அதிகமாகத் தாங்கினார்கள். ஞாயிறு என்றால் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். காலையில் தலையை நீட்டிக் கிழமை கேட்பது மட்டும் ஏனோ குறைந்தது. பழகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். வார நாட்களில் பிள்ளைகளுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். எல்லாப் பிள்ளைகளும் கிழமைகளை மனப்பாடமாகச் சொல்லும். மருத்துவச்சியின் எட்டு வயது மகளுக்கு மட்டும் அது மண்டையில் ஏறவில்லை. திங்கள் என்றால் செவ்வாய் என்பாள், செவ்வாய் என்றால் புதன் என்பாள். மற்றப் பிள்ளைகள் அவளைக் கிள்ளும்.

இரண்டு வருடம் முடியப்போகிறது. பதிவேட்டில் நூற்று மூன்று வரி ஆகிவிட்டது. அடுத்த ஞாயிறு நூற்று நான்கு. கப்பலில் மூத்த போதகரே வருகிறார், குருப்பட்டத்துக்கான வெள்ளை அங்கியையும் கொண்டுவருகிறார் என்று போன கப்பலிலேயே கடிதம் வந்திருந்தது. அதற்காக மார்பளவும் தோளளவும் கயிற்றால் அளந்து எழுதி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை தீவே அல்லோலகல்லோலப்பட்டது. கொப்பரை மூட்டை கட்டுகிறவர்கள் ஒரு பக்கம், துணி துவைக்கிறவர்கள் ஒரு பக்கம். சின்னய்யா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் கோவில் கூரை மேல் ஏறி, ஒழுகுகிற இடத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி இருக்கும். கீழே பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. திரும்பிப் பார்த்தார்.

மணலில் மூத்த போதகர் நின்றிருந்தார். கறுப்பு நீள அங்கி, கக்கத்தில் வேதாகமம், கையில் குடை. பின்னால் கப்பல் தலைவரும் பெட்டி சுமக்கிற இரண்டு பேரும். கப்பல் முந்தின நாள் மாலையே வந்து, பாறைகளுக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றிருக்கிறது. ஆராதனைக்கு நேரத்தில் வந்து சேர வேண்டும் என்று விடிந்ததும் சிறு படகில் கிளம்பியிருக்கிறார்கள். மணிச்சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தவர்களுக்குச் சுத்தியல் சத்தம் கேட்டிருக்கிறது.

"இறங்கி வா" என்றார் மூத்த போதகர்.

இறங்கினார். சட்டை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை. கையில் சுத்தியலோடு நின்றார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

சின்னய்யா பழக்கதோஷத்தில் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "சனிக்கிழமை, ஐயா."

மூத்த போதகர் கப்பல் தலைவரைப் பார்த்தார். அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "ஞாயிறுங்க" என்றார்.

"ஒரு நாள்தானே வித்தியாசம். நடுவுல கோடு போட்டுப் பாதி பாதியா எடுத்துக்கலாமே" என்றார் பெட்டி சுமந்தவர்களில் ஒருத்தர். கப்பல்காரர்கள் மட்டும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் முதல் ஆளாகச் சிரிக்கும் கொப்பரைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அறைக்குள் போனார்கள். சுவரில் சனிக்கிழமை இருந்தது. மூத்த போதகர் கட்டிலில் உட்கார்ந்து பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். விரலால் தொட்டுத் தொட்டு வந்தவர் அந்தக் கோணல் கையெழுத்தில் நின்றார். என்ன இது என்று கேட்டார். சின்னய்யா காய்ச்சலைப் பற்றிச் சொன்னார். சொல்லிக்கொண்டு வரும்போதே, எந்த இடத்தில் நாள் நழுவியிருக்கும் என்று அவருக்கே புரிந்துவிட்டது. கிழித்துக்கொண்டே இருந்ததாக ஞாபகம் இருக்கிறதே, எத்தனை முறை என்று ஞாபகம் இல்லையே.

அறை வாசலில் தீவு முழுக்கக் கூடியிருந்தது. மூத்த போதகர் தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "இந்தக் காலண்டரை வேற யாராவது தொட்டீங்களா?"

மருத்துவச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார். வாயைத் திறந்தார்.

"யாரும் தொடலை, ஐயா" என்றார் சின்னய்யா முந்திக்கொண்டு. "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொன்ன கிழமையைத்தான் இவங்க நம்பினாங்க. தப்பு என்னோடது."

மூத்த போதகர் பதிவேட்டை மூடினார். கெட்ட மனிதர் இல்லை, கோபமாகவும் பேசவில்லை. "காய்ச்சல்ல ஒரு ஞாயிறு விட்டிருந்தா, உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம். விதியில அதுக்கு இடம் இருக்கு, ஒன்பதாம் பக்கம். பத்தொன்பது ஞாயிறு விட்டுட்டு, விடலைன்னு கையெழுத்துப் போட்டதுக்கு எங்கேயும் இடம் இல்லை."

அந்த நேரத்தில் சின்னய்யா தற்செயலாக வாசல் பக்கம் பார்த்தார். மருத்துவச்சி இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். தோள் குலுங்கியது. மற்ற எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டவருக்கு அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. ஊருக்கெல்லாம் கிழமை சொன்னவனுக்குக் கிழமை தெரியவில்லை. யாராக இருந்தாலும் சிரிப்பார்கள்தான். ஆனால் ஐந்து நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவர் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்பியது. கப்பல்காரர்களுடைய செவ்வாய். அங்கி இருந்த பெட்டி திறக்கப்படாமலே திரும்பப் படகில் ஏறியது. நாற்பது வீட்டுக்காரர்களும் கரையில் வரிசையாக நின்றார்கள். ஒரு கேலிகூட இல்லை. ஒவ்வொருவராக வந்து அவர் வலது கையைத் தங்கள் இரண்டு கைக்குள்ளும் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்கள். வழக்கமாக அவர்கள் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. முகத்துக்கு நேரே சிரிக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்தார். மருத்துவச்சி கடைசியாக வந்தார். அவர் கையைப் பிடித்தபோது சின்னய்யா கடலைப் பார்த்துக்கொண்டார்.

மிஷனில் வேறொரு இடத்துக்கு அனுப்பி முதலிலிருந்து இரண்டு வருடம் தொடங்கச் சொன்னார்கள். அந்தத் தீவுக்கே அனுப்பினால் தொடங்குகிறேன் என்று கேட்டுப் பார்த்தார். அங்கே ஆள் போட்டாயிற்று என்றார்கள். வெளியே வந்து கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தார். பெண் பார்க்கப் போன இடத்தில், எல்லோரும் எழுந்து போன ஐந்து நிமிடத்தில், இதை ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, "கிழமை எண்ணத் தெரியாத ஆள்னு தெரிஞ்சேதான் கட்டிக்கப் போறியா?" என்று கேட்டார்.

"அதை நான் எண்ணிக்கிறேன். நீங்க மத்ததைப் பாருங்க" என்றார் அந்தப் பெண். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

அறுபத்தாறு வயதில் அவர் இறந்தார். மூன்று நாள் ஆஸ்பத்திரி. நான்காம் நாள் இல்லை. வீட்டில் நாள்காட்டி அந்த மூன்று நாளும் அதற்கப்புறமும் கிழிக்கப்படாமல் இருந்தது. எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, மகள்தான் பத்திரிகையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மொத்தமாகக் கிழித்து நாளைச் சரிக்குக் கொண்டுவந்தாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு மதியம் ஒரு பெண்மணி வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. ஊருக்குக் கண் ஆபரேஷனுக்கு வந்ததாகவும், மிஷன் அலுவலகத்தில் நான்கு பேரிடம் கேட்டு விலாசம் வாங்கியதாகவும் சொன்னார். தீவுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. மருத்துவச்சியின் மகள். சின்னய்யா இறந்துபோன விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மனைவி சொல்லித்தான் தெரிந்தது. சின்னய்யாவின் மகள் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு வந்தவர் தானாகவே சொல்லத் தொடங்கினார். காய்ச்சலில் கிடந்தபோது தாள் கிழித்தது சின்னய்யா இல்லை. அவருக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. தொடக்கூடாது என்று சொல்லியிருந்தும், நாள் நின்றுபோனால் சின்னய்யாவுக்குக் கஷ்டமாகிவிடும் என்று மருத்துவச்சிதான் தினமும் காலையில் ஒரு தாள் கிழித்தார். ஞாயிறு வந்தது. மணி இல்லாமலே எல்லோரும் அறைக்கு வெளியே வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள். மறுநாள் திங்கள். மருத்துவச்சி ஞாயிற்றுக்கிழமைத் தாளின் மூலையைப் பிடித்துவிட்டார், கிழிக்கிற நேரம். சின்னய்யா கண்ணைத் திறந்து, இன்னைக்கு ஞாயிறா என்று கேட்டுவிட்டார்.

"அம்மா கையை எடுத்துட்டாங்க" என்றார் தலைமையாசிரியை. "ஒரு ஞாயிறு தப்பினாலும் தூக்கிடுவாங்கன்னு அவரே சொல்லியிருந்தாரே. வாசல்ல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைத்தான் சொல்லி அனுப்பினாங்க. பத்தொன்பது வாரம், நாப்பது வீடு. யாரும் வாயைத் திறக்கலை. கப்பல்ல வந்த பெரியய்யா கேட்டப்ப, நான்தான்னு சொல்ல அம்மா முன்னால போனாங்க. சின்னய்யா விடலை. தன் தலையில போட்டுக்கிட்டாரு. அம்மாவைக் காட்டிக் கொடுக்காம அவரு போனதை எங்க ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க."

மனைவி காப்பியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். தன் கணவருக்கு இது எதுவும் தெரியாது என்று சொல்லவில்லை. வேறொன்று கேட்டார். "அன்னைக்கு உங்கம்மா வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்கன்னு சொன்னாரு."

"சிரிக்கலைங்க, அக்கா" என்றார் தலைமையாசிரியை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி எழுதினா போதும்னு பெரியய்யா சொன்னாரே, அப்போ."

மகள் அதுவரை நின்றுகொண்டிருந்தவள், உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இது உண்மையிலேயே தெரிந்திருக்குமா என்று தயங்கிக் கேட்டாள்.

தெரியாமல் எப்படி என்றார் வந்தவர். "நானே சொன்னேனே. அவர் எழுந்து நடமாட ஆரம்பிச்ச ரெண்டாவது வாரம். எட்டு வயசு, வாய் நிக்கலை. இன்னைக்குத் திங்கள் இல்லை சின்னய்யா, நிஜமா செவ்வாய்னு சொல்லிட்டேன். பசங்க எல்லாம் அப்படியே உறைஞ்சு போயிட்டாங்க. அவர் கோபப்படலை. என் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போயி, காலண்டர்ல என் விரலை வெச்சு, திங்கள்னு மூணு தடவை வாசிக்கச் சொன்னாரு. மூணு தடவையும் சரியா வாசிச்சேன். பரிசா ஒரு பென்சில் குடுத்தாரு."